34 பிஎஸ்ஐ: குளிரில் பழைய ட்ரக்கின் ஏசியோடு ஆறு வாரம்

நேற்றுக் காலை வெளியே 3 டிகிரி. ட்ரக்கை எடுத்து அரை மணி நேரம் ஓட்டினேன். முன்கண்ணாடியில் மருந்துக்குக்கூட ஆவி படியவில்லை. ஆறு வாரமாக இந்த ஒரு காட்சிக்குத்தான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேரேஜ் சுவரில் கரித்துண்டால் கிறுக்கி வைத்திருந்த எண்களையெல்லாம் நோட்டில் ஏற்றினேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் உருப்படியான வேலை ஒரு நாள்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் தப்பான இடத்தில் தோண்டியது.

வண்டி தொண்ணூறுகளின் நடுவில் வந்த பிக்கப். வண்டி ஏசிகள் ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸை விட்டு ஆர்-134ஏக்கு மாறிய காலத்தது. போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், கேஸ் அளவு 907 கிராம் என்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வ் கிடையாது. குழாய்க்குள் கேஸைக் குறுக்கி விடும் சின்ன ஆரிஃபிஸ் டியூப், எவாப்பரேட்டரை (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் சுருள்) தாண்டி மிச்சத் திரவத்தைப் பிடித்து வைக்கும் ஒரு தடித்த அக்யுமுலேட்டர் டப்பா, அதன் தலையில் ஒரு பிரஷர் சுவிட்ச். அழுத்தம் இறங்கினால் அந்தச் சுவிட்ச் கம்ப்ரசர் கிளட்சை (பெல்ட் சுற்றும் புல்லியோடு கம்ப்ரசரைக் காந்தத்தால் இணைக்கும் பிளேட்) நிறுத்தும், ஏறினால் மறுபடி போடும். இந்தச் சுவிட்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை முட்டாளாக்கியது இதுதான். அல்லது, இது ஒழுங்காக வேலை செய்ததால் நானே முட்டாளானேன்.

குளிர்காலத்தில் ஏசிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முன்கண்ணாடி ஆவியைப் போக்கும் டீஃப்ராஸ்டில் போட்டால் ஹீட்டரோடு கம்ப்ரசரும் ஓடும். எவாப்பரேட்டர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், உலர்ந்த சூடான காற்று கண்ணாடியைத் துடைத்துவிடும். கம்ப்ரசர் ஓடாவிட்டால் காற்று சூடாக வரும், ஆனால் ஈரம் உள்ளேயே சுற்றும். எனக்கு அதுதான் நடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

போன கோடையிலேயே ஏசி சரியில்லை. கிளம்பும்போது ஜில்லென்று வரும், டிராஃபிக்கில் நின்றால் வெதுவெதுப்பாகிவிடும். "கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். அதே கோடையில் என் மனைவி, "ஏங்க, என் காலுக்குக் கீழ மேட் ஈரமா இருக்கு, பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். மழையில் ஷூவோடு ஏறியிருப்பாய் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். இதையும் நினைவில் வையுங்கள்.

முதல் நாள், கேரேஜில் 4 டிகிரி. இன்ஜினைப் போட்டு டீஃப்ராஸ்டைத் திருகினால் கிளட்ச் விழும் 'டக்' சத்தம் வரவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. கிளட்ச் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே சைஸ் என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஹார்ன் அடித்தது, கிளட்ச் அசையவில்லை. கிளட்ச் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 0 வோல்ட். அக்யுமுலேட்டர் தலையிலுள்ள சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, இரண்டு பின்னையும் ஒரு ஒயர் துண்டால் இணைத்தேன். டக்! கம்ப்ரசர் சுற்றியது.

ஆக, ஒயரிங் சரி, ரிலே சரி, கிளட்ச் சரி, சுவிட்ச்தான் தடுக்கிறது. சுவிட்ச் தடுத்தால் கேஸ் குறைவு. இப்படித்தான் கணக்குப் போட்டேன். கோர்வையாகத்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் தப்பு. 'கிளட்ச் சரி' என்றதும் பாதித் தப்பு, அதற்குப் பிறகு வருகிறேன்.

அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டை மாட்டினேன். நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அதிக அழுத்தப் பக்கம். இன்ஜின் நிற்கும்போது நீலம், சிவப்பு இரண்டும் 34 பிஎஸ்ஐ. கோடையில் இதே வண்டியில் இதே கேஜை மாட்டியபோது 90ஐத் தாண்டி நின்றது ஞாபகம் வந்தது. 90 எங்கே, 34 எங்கே! பாதிக்கு மேல் கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஒயர் துண்டை வைத்து ஓடவிட்டுப் பார்த்தால் நீலம் 12க்கு இறங்கியது, சிவப்பு 80ஐ எட்டவில்லை. சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். 340 கிராம் கேன் ஒன்று வாங்கி வந்தேன்.

கேனை மாட்டி வால்வைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஹோஸில் சீறல் இல்லை, கேன் ஜில்லிடவும் இல்லை. கேனும் 4 டிகிரி, வண்டியும் 4 டிகிரி. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், எதற்காகப் பாயும்? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வாளியில் கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, தெர்மாமீட்டரில் 40 டிகிரி பார்த்து, கேனை அதில் முக்கினேன். (50ஐத் தாண்டக்கூடாது என்று கேன் மேலேயே எழுதியிருக்கும். தீ, ஹீட் கன் பக்கமே போகக்கூடாது.) கம்ப்ரசர் ஓட, கேஸ் உள்ளே போனது. பத்து நிமிடத்தில் கேன் லேசாகிவிட்டது. எடை போட்டுப் பார்க்கவில்லை. பெரிய தப்பு அது. அதன் பலன் பின்னால் வந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து கேஜைப் பார்த்தேன். இரண்டும் 34.

ஒரு கேன் முழுக்க ஏற்றியிருக்கிறேன், முள் ஒரு கோடுகூட நகரவில்லை. முதலில் கேஜ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். டார்ச் அடித்து முள்ளுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்தபோதுதான் பார்த்தேன்: முகப்பின் உள்வட்டத்தில் ஆர்-134ஏக்கு உரிய வெப்பநிலை அச்சிட்டிருக்கிறது. 34க்கு நேரே 4 டிகிரி. அந்தக் கேஜை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. உள்வட்டத்தை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு சொட்டாவது திரவமாக இருக்கும்வரை, நிற்கும் வண்டியில் கேஜ் காட்டுவது வெப்பநிலையை மட்டும்தான். 300 கிராம் இருந்தாலும் 34, 1,200 கிராம் இருந்தாலும் 34. கோடையில் பார்த்த 90ம் அன்றைய வெயிலின் எண்தான், கேஸின் அளவு இல்லை. திரவம் சுத்தமாகத் தீர்ந்து வெறும் ஆவி மட்டும் மிஞ்சினால்தான் எண் அந்த வெப்பநிலைக்கு உரியதைவிடக் கீழே போகும். ஓடும்போது பார்த்த 12ம் 80ம்கூட அந்தக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்.

அன்று ராத்திரி இன்னொன்றும் செய்து பார்த்தேன். இந்த ஆறு வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு மணி நேரம் அது. கேரேஜ் கதவைச் சாத்தி, இன்ஜினை அணைத்தே வைத்து, கிரில்லுக்கு முன்னால் மின்சார ஃபேன் ஹீட்டரைப் போட்டேன். கேஜ் மாட்டியபடி இருந்தது. பிரஷர் சுவிட்சின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரைப் பீப் மோடில் வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 34, 36, 39... முள் ஊர்ந்தது. 44ஐத் தொட்டபோது மீட்டர் 'பீ...' என்று கத்தியது. உள்வட்டத்தில் அது ஒன்பதரை டிகிரிக்குப் பக்கம். சுவரிலிருந்த தெர்மாமீட்டர் அப்போதே 13 காட்டியது. காற்றுக்குப் பின்னால்தான் இரும்பு சூடாகிறது.

சுவிட்சில் கோளாறே இல்லை. 44இல் மூடுகிறது, 10 டிகிரிக்குக் கீழே நிற்கும் வண்டியில் 44 வராது, அதனால் கேஸ் நிறைய இருந்தாலும் கிளட்ச் விழாது. எவாப்பரேட்டர் உறைந்து போகாமலும், குளிரில் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் சுற்றாமலும் பார்த்துக்கொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நான் அதை ஒயர் துண்டால் ஏமாற்றி, தேவையில்லாத கேஸையும் அடைத்து வைத்திருந்தேன்.

அடைத்ததை எடுக்க வேண்டும். வால்வை அழுத்திக் காற்றில் விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு. அதைத் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம். மீட்பு மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய், கேஸை மட்டும் இழுத்து எடை சொல்லுங்கள், திரும்பப் போட வேண்டாம் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மெஷினில் வந்தது 1,090 கிராம், கூடவே சுமார் 10 மில்லி ஆயில். ஸ்டிக்கர் 907 என்கிறது. நான் கேனை எடை போட்டிருந்தால் முன்னால் எவ்வளவு இருந்தது என்று கிராம் சுத்தமாகத் தெரிந்திருக்கும். போடாததால், 750க்கும் 800க்கும் நடுவே என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிகிறது. அதாவது நூறு, நூற்றைம்பது கிராம் பல வருடத்தில் கசிந்திருக்கிறது. கேஸ் குறைவுதான், ஆனால் கம்ப்ரசரை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

கசிவு எங்கே என்பதற்கு முந்தைய நாளே ஒரு தடயம் கிடைத்திருந்தது. சிவப்புப் பக்கப் போர்ட்டின் மூடியைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டேன். 4 டிகிரியில் ஒன்றும் தெரியவில்லை. ஹீட்டர் போட்டுக் கேரேஜ் சூடான பிறகு, வால்வ் கோரை (போர்ட்டை உள்ளே அடைக்கும் சின்ன ஊசி வால்வ்) சுற்றி ஒரு குமிழி மெதுவாக ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. குளிரில் அழுத்தம் குறைவு, கசிவும் சோம்பேறியாகிவிடுகிறது. சின்னக் கசிவு தேட வேண்டுமென்றால் முதலில் வண்டியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

காலியான சிஸ்டத்தில் இரண்டு பக்க வால்வ் கோரையும் மாற்றினேன். இரண்டும் சேர்ந்து, நான் வீணாக வாங்கிய கேனின் விலையில் சின்னப் பங்குகூட வராது. மற்றபடி எந்த ஜாயின்ட்டையும் பிரிக்கவில்லை, அதனால் அக்யுமுலேட்டரையும் மாற்றவில்லை. வெளியே வந்த 10 மில்லிக்குப் பதிலாகப் பிஏஜி எனும் கம்ப்ரசர் ஆயில் 10 மில்லி விட்டேன், பின்னால் உதவும் என்று, கசியும் இடத்தில் யுவி விளக்கில் ஒளிரும் யுவி சாயமும் கொஞ்சம் கலந்தேன்.

வேக்குவம் பம்ப் நண்பருடையது. அவர் சொன்ன ஒரு விஷயம் நல்லது: குளிர்ந்த வண்டியில் பம்ப் போடாதே. உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியானால்தான் பம்ப் அதை இழுக்கும். 20 டிகிரியில் கொதிக்கத் தேவையான வேக்குவத்தைவிட 5 டிகிரியில் இன்னும் ஆழமான வேக்குவம் வேண்டும். அதனால் ஹீட்டரை மூன்று மணி நேரம் ஓடவிட்டு, இரும்பைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி போன பிறகு பம்பைப் போட்டேன். முக்கால் மணி நேரம். முள் 29 அங்குல (பாதரச) வேக்குவத்தில் நின்றது. வால்வை மூடி அரை மணி காத்திருந்தேன், அசையவில்லை.

இந்த முறை தராசு. வீட்டுச் சமையலறை டிஜிட்டல் தராசைத்தான் எடுத்தேன், அனுமதி வாங்காமல். ஒவ்வொரு கேனையும் மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் எடை. முதல் கேன் வேக்குவத்தில் தானாகவே பாய்ந்தது: 334 கிராம். அதற்குமேல் கம்ப்ரசரை ஓடவிட்டு நீலப் பக்கம் வழியாக, கேனை நிமிர்த்திப் பிடித்து, ஆவியாக மட்டும் விட்டேன். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குப் போகும். இரண்டாவது கேன் 331. மூன்றாவதை நடுநடுவே கழற்றிக் கழற்றி எடை பார்த்து 242இல் நிறுத்தினேன். கூட்டினால் 907. 'காலியாகிவிட்டது' என்று நினைத்து எறியும் கேனில் ஆறு, ஒன்பது கிராம் மிஞ்சுகிறது என்பதும் இப்போது தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. கேரேஜைச் சூடாக்கும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். இன்ஜினைப் போடுவதற்கு முன் கதவை முழுக்கத் திறந்துவிட வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சூடு போய்விடுமே என்று கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். காற்று குளிர்ந்தாலும் கண்டென்சரும் (கிரில்லுக்குப் பின்னால் கேஸின் சூட்டை வெளியேற்றும் சுருள்) இன்ஜினும் இருபது நிமிடமாவது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வேலைக்கு அது போதும். திறந்த கதவு வழியாக வரும் குளிர்க்காற்று சிவப்பு அழுத்தத்தை இறக்காமலிருக்க, கிரில்லுக்கு முன் பாதி மறைக்கும்படி ஒரு அட்டைப்பெட்டிப் பக்கத்தை வைத்தேன். அதை ஒட்டிய பிறகு சிவப்பு 145க்கு வந்து நின்றது. நீலம் 25க்கும் 44க்கும் இடையே ஏறி இறங்கியது, 25இல் கிளட்ச் விட்டு, 44இல் பிடித்து. டேஷ்போர்டு நடுத் துவாரத்தில் 6 டிகிரி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "குளிர்காலத்துல ஏசி போட்டுக் காட்டுற ஒரே ஆள் நீங்கதான்" என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்துக்கொண்டு போனாள்.

வெற்றி ஒரு நாள் தாங்கியது.

மறுநாள் மத்தியானம் 14 டிகிரி. டீஃப்ராஸ்ட் போட்டதும் டக் என்று விழுந்தது. இருபது நிமிடம் ஓட்டியிருப்பேன், கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளை பிடிக்க ஆரம்பித்தது. வீட்டில் நிறுத்தி, போனட்டைத் திறந்தால் புல்லி சுற்றுகிறது, நடுவிலுள்ள பிளேட் நிற்கிறது. கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகிப் பார்த்தேன்: 13.4 வோல்ட். கரன்ட் வருகிறது, கிளட்ச் பிடிக்கவில்லை. கோடையில் டிராஃபிக்கில் வெதுவெதுப்பானதும் இதேதான் என்று அப்போதுதான் பொறி தட்டியது.

இன்ஜினை அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் கிளட்சின் காந்தக் காயிலின் தடையை ஓமில் எடுத்தேன்: 4.5. முதல் நாள் குளிரில் சும்மா எடுத்து வைத்திருந்த எண் சுவரில் இருந்தது: 3.4. சூட்டில் காயிலின் தடை ஏறிவிட்டது. அதே 13.4 வோல்ட்டில் குளிரில் கிட்டத்தட்ட 4 ஆம்பியர் இழுத்த காயில், சூட்டில் 3தான் இழுக்கும். இது எல்லாக் காயிலுக்கும் நடப்பதுதான், இடைவெளி சரியாக இருந்தால் 3 ஆம்பியரே தாராளம். அப்படியென்றால் இடைவெளியைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்க, 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கிளட்சுக்குக் கொடுத்தேன். பிளேட் அசையவில்லை. துடைப்பக் கட்டையின் முனையால் லேசாகத் தள்ளினேன். டக் என்று ஒட்டிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. தள்ளிவிட்டால் பிடிக்கிறது, தானாக எட்டிப் பிடிக்க முடியவில்லை. (சிலர் இன்ஜின் ஓடும்போதே கட்டையால் தள்ளிப் பார்க்கிறார்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் அந்த வீரம் வேண்டாம்.)

ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இதழ்கள்) மிகத் தடித்த இதழ் 1 மி.மீ. அது பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் தாராளமாக ஆடியது. கூட 0.2 சேர்த்து நுழைத்தபோதுதான் பிடித்தது. மூன்று இடத்தில் பார்த்தேன்: 1.2, 1.2, 1.25. என் வண்டியின் மேனுவல் 0.45 முதல் 0.85 வரை என்கிறது. இத்தனை வருடம் பிடித்துப் பிடித்துத் தேய்ந்து, இடைவெளி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. முதல் நாள் ஒயர் துண்டு வைத்ததும் டக் என்று விழுந்ததைப் பார்த்து 'கிளட்ச் சரி' என்றேனே, அது குளிர்ந்த காயில் செய்த உபகாரம்.

நடு போல்ட் 8 மி.மீ. தலை. பெல்ட்டின் இறுக்கம் புல்லியைத்தான் பிடிக்கிறது, பிளேட்டை இல்லை. அதனால் போல்ட்டைத் திருகினால் பிளேட்டும் கூடவே சுற்றும். பிடிக்கும் கருவி தனியாக விற்கிறார்கள். நான் பழைய ஸ்ட்ராப் ரெஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன், இரண்டு தடவை வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. பிளேட் ஸ்ப்லைனில் (தண்டின் பல்வரிகள்) துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. துருநீக்கி எண்ணெயை ஒரு சொட்டு, காயில் பக்கம் போகாமல், விட்டுக் காத்திருந்து, இரண்டு ஸ்க்ரூடிரைவரை எதிரெதிரே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் பிளேட் வளையும். வந்தது. வந்த வேகத்தில் உள்ளிருந்த ஷிம் (இடைவெளியைக் கூட்டக் குறைக்க வைக்கும் மெல்லிய வளையத் தகடு) ஒன்று தெறித்து, இன்ஜினுக்கு அடியில் எங்கோ விழுந்தது. காந்தக் குச்சியோடு இருபத்தைந்து நிமிடத் தேடல். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுக் கழற்றியிருக்கலாம்.

இரண்டு ஷிம். வெர்னியரில் ஒன்று 0.5, மற்றது 0.4. முதலில் இரண்டையும் எடுத்துவிட்டு மாட்டினேன், கிட்டே இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்ற ஆசையில். இடைவெளி 0.3. பிடிக்கும்தான், ஆனால் சூட்டில் விரிந்து, பேரிங் ஆட்டத்தில் உரசவும் செய்யும். மறுபடி கழற்றி 0.4ஐ உள்ளே போட்டேன். இப்போது 0.7. போல்ட்டை இறுக்கி, கையால் பிளேட்டைச் சுற்றி, எங்கும் உரசல் இல்லை என்று காது வைத்துக் கேட்டேன்.

இன்ஜினை நாற்பது நிமிடம் ஓடவிட்டு, நல்ல சூட்டில் ஏசி பட்டனைப் பன்னிரண்டு தடவை அணைத்துப் போட்டேன். பன்னிரண்டும் பிடித்தது. வாங்கி மாட்டிய எதனாலும் பழுது சரியாகவில்லை. உள்ளே இருந்த அரை மில்லிமீட்டர் தகடு ஒன்றை வெளியே எடுத்ததால் சரியானது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் காலை 3 டிகிரிக்கு இறங்கியது. கண்ணாடி வெள்ளை. 10 டிகிரிக்குக் கீழே கம்ப்ரசர் விழாது என்று எனக்குத் தெரியும், நானே பீப் வைத்துக் கண்டுபிடித்தது. அப்படியானால் குளிரான நாட்டு வண்டிகளெல்லாம் என்ன செய்கின்றன? அந்தக் குளிரில் வெளிக்காற்றில் ஈரமே குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினாலே கண்ணாடி தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை என்றால் ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

மேட்!

மனைவி உட்காரும் பக்கத்து மேட்டைத் தூக்கினேன். மேலே ஈரப்பதம்தான். கார்ப்பெட்டை ஓரத்திலிருந்து உரித்து, அடியிலுள்ள பஞ்சை அழுத்தினால் தண்ணீர் ஊறி வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், வழவழப்பு இல்லை, தித்திப்பு வாடை இல்லை. கூலன்ட் இல்லை, ஹீட்டர் கோர் தப்பித்தது. வண்டிக்கு அடியில் படுத்து, ஃபயர்வாலிலிருந்து (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) நீட்டிக்கொண்டிருக்கும் எவாப்பரேட்டர் வடிகால் ரப்பர் குழாயைத் தேடினேன். முனையைப் பிதுக்கினால் உள்ளே கல் மாதிரி. வளைத்த கம்பியை மெதுவாக இரண்டு அங்குலம் விட்டுத் திருகினேன். அதற்குமேல் விடக்கூடாது, எவாப்பரேட்டரில் ஓட்டை போட்டால் எல்லாம் முதலிலிருந்து. இலைத்தூளும் சேறும் கலந்த ஒரு கட்டி வந்தது, பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் முகத்தில். கோடை முழுக்க ஏசி உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெட்டியில் தேங்கி, வழிந்து, கார்ப்பெட்டில் இறங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் அதை ஆவியாக்கி நேராகக் கண்ணாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

கார்ப்பெட்டை உரித்து, அதே ஃபேன் ஹீட்டருக்கு முன்னால் மூன்று நாள் காயவைத்தேன். பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வெட்டிப் போட்டேன். நேற்றுக் காலை 3 டிகிரியில் ஓட்டியது அதற்குப் பிறகுதான். மனைவியிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு பார்வை பார்த்தாள். சொல்லியிருந்தால் தேவலை.

செலவு வரிசையைச் சுவரில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அதிகம் போனது கேஸ் மீட்பு மெஷினுக்கும் நான்கு கேனுக்கும். அவற்றில் முதல் கேனும் மெஷின் கூலியும் என் அவசரத்துக்கு நானே கட்டிய அபராதம். அடுத்தது ஹீட்டர் தின்ற மின்சாரம். அதற்குக் கீழே கார்ப்பெட் பஞ்சு, பிறகு வால்வ் கோர். கோடையிலும் குளிரிலும் கம்ப்ரசரை நிறுத்திய ஷிம்முக்கும், கண்ணாடியை மறைத்த வடிகாலுக்கும் பூஜ்யம்.

இன்னொரு முறை இதே நிலை வந்தால், கேஜை எடுப்பதற்கு முன்பே மேட்டைத் தூக்கிப் பார்ப்பேன். பிறகு ஃபீலர் கேஜ், இன்ஜின் குளிரிலும் ஒருமுறை, சூட்டிலும் ஒருமுறை. 20 டிகிரிக்குச் சூடாக்காத வண்டியில் கேஜ் எண்ணை நம்பி ஒரு கிராம்கூட ஏற்ற மாட்டேன். ஏற்றுவதை எடையால்தான் ஏற்றுவேன். ஒரு தெர்மாமீட்டரைக் கேரேஜ் சுவரில் தொங்கவிடுவதைவிட அக்யுமுலேட்டரில் டேப் போட்டு ஒட்டுவது நல்லது.

எடுத்த 0.5 ஷிம்மை ஒரு சின்ன உறையில் போட்டு, தேதியும் 0.7 என்ற எண்ணும் எழுதி, க்ளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். கிளட்ச் இன்னும் தேய்ந்தால் 0.4ஐயும் எடுக்கலாம், அதற்குப் பிறகு எடுக்க ஒன்றும் இல்லை, புது கிளட்ச்தான். போன நூறு கிராம் முழுக்க அந்த வால்வ் கோர் வழியாகத்தான் போனதா, வேறு ஓட்டை இருக்கிறதா என்பது வெயில் ஏறி அழுத்தம் 90ஐத் தாண்டும்போது யுவி விளக்கில் தெரியும். விளக்கை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன்.